காப்பியடித்து மாட்டிய ப்ரீமெட் மாணவர் மருத்துவக் கல்லூரியில் சேர முடியுமா?

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளை, இளநிலைப் படிப்பின்போது காப்பியடித்து மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நம் ஊர்க் குடும்பங்களுக்கு நடுவே இதற்கு இரண்டு பதில்கள்தான் சுற்றிவருகின்றன. ஒன்று: "அவ்வளவுதான், டாக்டர் ஆசையை விட்டுட வேண்டியதுதான்." இன்னொன்று: "டிரான்ஸ்கிரிப்ட்ல வரலைன்னா யாருக்குத் தெரியப்போகுது, சொல்லாம விட்டுடு." (டிரான்ஸ்கிரிப்ட் என்பது கல்லூரி தரும் மதிப்பெண் பதிவு.) இரண்டுமே தவறு. முதல் பதில் பிள்ளையின் மனத்தை வீணாக உடைக்கும். இரண்டாவது பதில், கரையேற வழியிருந்த பிள்ளையையும் மூழ்கடித்துவிடும்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த பெற்றோருக்கு மருத்துவச் சேர்க்கை என்றால் பன்னிரண்டாம் வகுப்பு, நீட் மதிப்பெண், கலந்தாய்வு. தரவரிசையில் பெயர் வந்தால் இடம். அமெரிக்காவில் பெரும்பாலான மாணவர்கள் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். அந்தத் தயாரிப்புப் பருவத்தைத்தான் ப்ரீமெட் என்கிறார்கள். மதிப்பெண்ணோடு சேர்த்து, அந்த நான்கு ஆண்டுகளில் மாணவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் விண்ணப்பம் வாய்விட்டுக் கேட்கிறது. அந்தக் கேள்வி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் நியாயமானதுதான்.

## இன்ஷூரன்ஸ் படிவம் போல

ஆயுள் காப்பீடு எடுக்கும்போது படிவத்தில் "சர்க்கரை நோய் உண்டா?" என்று ஒரு கேள்வி இருக்கும். உண்டு என்று எழுதினால் பிரீமியம் கூடலாம். சில நிறுவனங்கள் வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். சர்க்கரை பத்து வருடமாகக் கட்டுக்குள் இருக்கிறது என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ளாமலும் போகலாம். ஆக, உண்மையைச் சொன்னால் பலவித முடிவுகளுக்கு இடம் இருக்கிறது.

இல்லை என்று எழுதிவிட்டால் கதையே வேறு. பின்னால் க்ளெய்ம் வரும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று வெளியே வந்தால், பிரச்சினை சர்க்கரையைப் பற்றியதாக இருக்காது. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னீர்கள் என்பதே பிரச்சினையாகிவிடும். பாலிசியே நிற்காமல் போகலாம்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பமும் இப்படித்தான் வேலை செய்கிறது. செய்த தவறு ஒரு கணக்கு. அதை மறைப்பது தனிக் கணக்கு. முதல் கணக்கில் அளவு உண்டு: சிறியது, பெரியது, பழையது, புதியது. இரண்டாவதில் அளவு கிடையாது.

## கல்வி நேர்மை மீறல் என்றால் என்ன?

தன் பெயரில் தரும் வேலை தன்னுடையதாக, அனுமதித்த வழியில் செய்ததாக இருக்க வேண்டும் என்பதே கல்வி நேர்மை. அதை மீறும் எதுவும் கல்வி நேர்மை மீறல். தேர்வில் பார்த்து எழுதுவது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் மாட்டிக்கொள்ளும் மாணவர்களில் பலர் பிட் அடித்தவர்கள் அல்ல. நண்பனின் லேப் ரிப்போர்ட்டிலிருந்து எண்களை எடுத்துப் போட்டவர், மேற்கோள் குறி போடாமல் ஒரு பத்தியை அப்படியே ஒட்டியவர், தனியாகச் செய்ய வேண்டிய அசைன்மென்ட்டை நான்கு பேராக உட்கார்ந்து செய்தவர், வகுப்புக்கு வராத தோழிக்காக வருகைப்பதிவுக் கருவியில் க்ளிக் செய்தவர், இவர்களெல்லாம் இதே வலையில்தான் விழுகிறார்கள்.

"சேர்ந்து படித்தோம்" என்பதற்கும் "சேர்ந்து எழுதினோம்" என்பதற்கும் நடுவில் உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஹார்வர்டில் 2012-இல் வெடித்த விவகாரமே சாட்சி. அரசியல் துறைப் பாடம் ஒன்றில் வீட்டுக்கு எடுத்துச் சென்று எழுதும் தேர்வு. புத்தகம் பார்க்கலாம், குறிப்பு பார்க்கலாம், இணையம் பார்க்கலாம்; மற்றவர்களோடு கலந்து பேசக் கூடாது. விடைத்தாள்கள் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்ததும் விசாரணை தொடங்கியது. ஏறத்தாழ 125 மாணவர்கள் அதில் சிக்கினார்கள். ஏறத்தாழ 70 பேர் தற்காலிகமாகக் கல்லூரியைவிட்டு விலக நேர்ந்தது. அந்த 70 பேரும் வேண்டுமென்றே ஏமாற்றக் கிளம்பியவர்கள் என்று நான் நம்பவில்லை. விதியைச் சரியாகப் படிக்காததும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் பதிவில் அந்த வித்தியாசம் தெரியாது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. சாட்ஜிபிடி வந்த பிறகு, எழுதாததை எழுதியதாகக் கொடுத்து மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். சொந்தமாக எழுதியும் சந்தேகத்துக்கு ஆளாகிறவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் நம்பத்தகுந்தவை அல்ல. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளைச் சில கருவிகளில் போட்டுப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறித்ததை அதே ஆண்டில் காட்டினார்கள். அதனால் கட்டுரைகளை கூகுள் டாக்ஸ் போன்ற, திருத்த வரலாறு பதிவாகும் இடத்தில் எழுதும் பழக்கம் நல்லது. எப்போது எந்த வரி எழுதப்பட்டது என்று காட்ட முடிவது நல்ல ஆதாரம்.

## கல்லூரிக்குள் நடப்பது: இங்கேதான் கவனம் வேண்டும்

விண்ணப்பம் நிரப்பும் நாளைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியமான நாள், கல்லூரியிலிருந்து அந்த முதல் மின்னஞ்சல் வரும் நாள்.

வழக்கமாக நடப்பது இது. பேராசிரியர் சந்தேகப்படுகிறார். மாணவர் ஒழுங்கு அலுவலகத்துக்கோ டீன் அலுவலகத்துக்கோ எழுதுகிறார். அங்கிருந்து மாணவருக்கு ஒரு கடிதம் வருகிறது. பல கல்லூரிகளில் அந்தக் கடிதத்தோடு இரண்டு வழிகள் தரப்படும். ஒன்று, குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு, சொல்லும் தண்டனையை ஏற்றுக் கையெழுத்துப் போடுவது; இதை முறைசாராத் தீர்வு என்பார்கள். இன்னொன்று, குழு முன்னால் விசாரணை கேட்பது.

பத்தொன்பது வயதுப் பிள்ளை அந்த இடத்தில் என்ன செய்யும்? வீட்டில் தெரியக் கூடாது. செமஸ்டர் முடிய இன்னும் மூன்று வாரம். அந்த அசைன்மென்ட்டுக்குப் பூஜ்யம், ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான் என்கிறது படிவம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிக்கப் போய்விடும். மூன்று வருடம் கழித்து விண்ணப்பக் கேள்வியைப் படிக்கும்போதுதான், அந்தக் கையெழுத்து ஒரு குற்ற ஏற்பு என்பதும், அது ஒரு அதிகாரபூர்வ முடிவாகப் பதிவாகியிருப்பதும் புரியவரும்.

தவறு செய்திருந்தால் ஒப்புக்கொள்வதுதான் சரி. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. செய்யாததை, தொல்லை தீரட்டும் என்று ஒப்புக்கொள்வதுதான் பேராபத்து. கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: இது எந்த வகை முடிவாகப் பதிவாகும், எத்தனை காலம் பதிவில் இருக்கும், பிற கல்லூரிகள் கேட்டால் தெரிவிக்கப்படுமா.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி விசாரணை நீதிமன்ற வழக்கு அல்ல. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் பெரும்பாலும் அங்கே கிடையாது. நடக்காமல் இருந்திருப்பதைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று குழு நினைத்தால் பல கல்லூரிகளில் அது போதும். அதனால் "அவங்களால நிரூபிக்க முடியாது" என்ற நம்பிக்கையோடு வெறுங்கையோடு போகக் கூடாது. வரைவுகள், குறிப்பேடுகள், மின்னஞ்சல்கள், தேதிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேல்முறையீட்டுக்குச் சில நாட்கள்தான் கெடு இருக்கும். அதையும் முதல் நாளிலேயே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்து நிற்பது வீண் வேலை அல்ல. டார்ட்மத் கல்லூரியின் கைசல் மருத்துவக் கல்லூரியில் 2021-இல் 17 மாணவர்கள் மீது தேர்வில் ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு வந்தது. ஆதாரம், அவர்களின் பாடத் தளமான கேன்வாஸில் பதிவான செயல்பாட்டுத் தரவு. மாணவர் தொடாவிட்டாலும் திறந்து கிடக்கும் ஒரு சாதனம் தானாகவே அப்படிப்பட்ட பதிவுகளை உண்டாக்க முடியும் என்பது பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. கடைசியில் கல்லூரி குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. டீன் மன்னிப்புக் கேட்டார்.

இதுவரை பார்த்ததில் மனத்தில் நிறுத்த வேண்டியது: பேராசிரியரின் சந்தேகம் வேறு, கல்லூரியின் முடிவு வேறு. விண்ணப்பத்தைப் பாதிப்பது கல்லூரியின் முடிவு. அந்த முடிவு உருவாகும் கட்டத்தில் மாணவருக்குச் சொல்ல இடம் இருக்கிறது. பிறகு அந்த இடம் வேகமாகக் குறுகிவிடும்.

## விண்ணப்பம் சரியாக என்ன கேட்கிறது?

எம்.டி. பட்டம் (அமெரிக்காவில் இதுவே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம்) தரும் பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் அதை நடத்துகிறது. டாக்டராவதற்கான இன்னொரு பட்டமான டி.ஓ.வைத் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ் என்ற தளமும், டெக்சாஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு அந்த மாநிலத்தின் தனித் தளமும் இருக்கின்றன. மூன்றிலும் இந்த விஷயத்தைப் பற்றிய கேள்வி உண்டு. ஒவ்வொன்றின் வாசகமும் வேறு. அதனால் எந்தத் தளமோ அதன் வாசகத்தை வரி வரியாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஆம்காஸ் பயன்படுத்தும் சொல் இன்ஸ்டிட்யூஷனல் ஆக்‌ஷன். படிப்பில் போதிய தேர்ச்சி இல்லாததற்காகவோ நடத்தை விதியை மீறியதற்காகவோ ஒரு கல்லூரி அதிகாரபூர்வமாக எடுத்த நடவடிக்கை என்று பொருள். இங்கே சுருக்கமாகக் கல்லூரி நடவடிக்கை என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கல்லூரியிலாவது எப்போதாவது அப்படி ஒரு நடவடிக்கைக்கு ஆளானதுண்டா என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியை எழுதியவர்கள் நாம் யோசிக்கக்கூடிய சந்துகளையெல்லாம் முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள். நடவடிக்கையால் படிப்பு தடைபடவில்லையா? அப்படியும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். டிரான்ஸ்கிரிப்டில் அது வரவே இல்லையா? அப்படியும் ஆம். கல்லூரி தன் விதிப்படி பதிவிலிருந்து நீக்கிவிட்டதா, மாணவர் மனுப்போட்டு அழிக்க வைத்தாரா? அப்படியும் ஆம். "டிரான்ஸ்கிரிப்ட்ல வரலைன்னா சொல்ல வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் அந்தக் கேள்வியை முழுதாகப் படித்ததில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

விண்ணப்பித்துவிட்ட பிறகு நடவடிக்கைக்கு ஆளானால், விண்ணப்பித்த கல்லூரிகளுக்குப் பத்து வேலைநாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. கடைசி ஆண்டில், சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகு அலட்சியமாக இருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

சரி, எல்லைக்கோட்டில் இருக்கும் நிலைமைகள்? விசாரணை நடந்து, மீறலுக்கு மாணவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு வந்துவிட்டால் பொதுவாக அது நடவடிக்கை ஆகாது. பேராசிரியர் மேலே எதுவும் தெரிவிக்காமல் தனக்குள்ளேயே கண்டித்து மதிப்பெண்ணைக் குறைத்திருந்தால், கல்லூரி என்ற அமைப்பு எதுவும் செய்யவில்லை என்று ஆகலாம். ஆனால் சில கல்லூரிகளின் விதிப்படி அதுவும் பதிவாகியிருக்கும். உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை ஆம்காஸ் கேட்பதில்லை. ஆனால் பள்ளியில் இருக்கும்போதே ஏதாவது கல்லூரியில் பாடம் எடுத்து, அந்தக் கல்லூரி நடவடிக்கை எடுத்திருந்தால் அது கணக்கில் வரும். மதிப்பெண் குறைந்து அகடமிக் ப்ரொபேஷனில், அதாவது கண்காணிப்பு நிலையில், வைத்ததும் வரும், அது நேர்மை சம்பந்தப்பட்டதே இல்லை என்றாலும்.

இப்படிப்பட்ட சந்தேகங்களை அண்ணன் சொன்னார், சீனியர் சொன்னார் என்று தீர்த்துக்கொள்ளக் கூடாது. படித்த கல்லூரியின் ஒழுங்கு அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: "என் பெயரில் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு ஏதேனும் உள்ளதா? எச்சரிக்கையை நீங்கள் கல்லூரி நடவடிக்கையாகக் கருதுகிறீர்களா?" எழுத்தில் வரும் அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்கக் கேட்கும் உரிமை 1974-இல் வந்த ஃபெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. கேட்டால் 45 நாட்களுக்குள் காட்டியாக வேண்டும்.

## மறைத்தால் தெரிந்துவிடுமா?

அதே ஃபெர்பா சட்டத்தைக் காட்டி, "மாணவர் ரகசியத்தைக் கல்லூரி வெளியே சொல்ல முடியாது" என்பவர்கள் உண்டு. பெற்றோர் கேட்டால் கல்லூரி சொல்லாமல் இருப்பதற்கு அந்தச் சட்டம் காரணம் என்பது சரி. ஆனால் மாணவர் சேர விரும்பும் இன்னொரு கல்வி நிறுவனத்துக்குப் பதிவுகளைத் தர அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது, மாணவரின் தனி ஒப்புதல் இல்லாமலும்கூட.

அதற்கு மேலும் வழிகள் இருக்கின்றன. பல கல்லூரிகளில் ப்ரீமெட் மாணவர்களுக்காக ஒரு குழு பரிந்துரைக் கடிதம் எழுதும். அது எழுதும் முன் ஒழுங்குப் பதிவைப் பார்ப்பதுண்டு. சில கல்லூரிகளில் தண்டனையே டிரான்ஸ்கிரிப்டில் தெரியும். மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் நேர்மை மீறலால் தோற்றதற்கு எக்ஸ்எஃப் என்ற தனி கிரேடே உண்டு. சில மருத்துவக் கல்லூரிகள் பழைய கல்லூரி டீனிடமிருந்து சான்று கேட்கும். அப்புறம் மனிதர்கள் இருக்கிறார்கள். விசாரணைக் குழுவில் இருந்த பேராசிரியர், அதே வகுப்பில் படித்த இன்னொரு விண்ணப்பதாரர். விண்ணப்பத்தில் முரண் இருப்பதாக ஆம்காஸுக்குத் தகவல் போனால் அது விசாரித்து அறிக்கையை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பும்.

தெரியவருவது சேர்க்கைக்கு முன்னாலேயே நடக்க வேண்டும் என்பதில்லை. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும்போது, சொன்னதெல்லாம் உண்மை என்று மாணவர் உறுதிமொழி தருகிறார். சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தாலும், பொய்யான விண்ணப்பத்தின் பேரில் பெற்ற இடம் என்று வெளியேற்றக் கல்லூரிக்கு அடிப்படை இருக்கிறது. அதற்குள் கடன் லட்சக்கணக்கான டாலரைத் தொட்டிருக்கலாம். அந்த நிலையில் ஒரு பிள்ளையைக் கற்பனை செய்து பார்த்தாலே, "சொல்லாம விட்டுடு" என்று லேசாகச் சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

சுருக்கமாக: ஆம் என்று சொன்னால் விண்ணப்பம் பலவீனமாகலாம். இருக்கும் நடவடிக்கைக்கு இல்லை என்று சொன்னால், விண்ணப்பம் மட்டுமல்ல, பின்னால் வரும் பட்டமும் நிலையில்லாத தரையில் நிற்கும்.

## சேர்க்கைக் குழு இதை எப்படி எடைபோடுகிறது?

மருத்துவக் கல்லூரிகள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன? நோயாளி பக்கத்திலிருந்து யோசித்தால் புரியும். இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டர், பொட்டாசியம் அளவைப் பார்க்க மறந்துவிட்டு, மூத்த டாக்டர் கேட்கும்போது "பார்த்தேன், நார்மல்" என்று சொல்லிவிட்டால் ஒரு உயிர் போகலாம். லேப் ரிப்போர்ட்டில் இல்லாத எண்ணை எழுதுவதும் அந்தப் பொய்யும் ஒரே குடும்பம் என்பது குழுவின் அச்சம்.

அந்த அச்சத்துக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. மேக்சின் பாப்படாக்கிஸ் என்ற கலிஃபோர்னிய மருத்துவப் பேராசிரியர் தலைமையில் 2005-இல் ஒரு ஆய்வு வெளியானது. மாநில மருத்துவ வாரியங்களால் தண்டிக்கப்பட்ட 235 டாக்டர்களின் மருத்துவக் கல்லூரிக் காலப் பதிவுகளை, தண்டிக்கப்படாத 469 பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். படிக்கும் காலத்தில் மருத்துவத் தொழிலுக்குப் பொருந்தாத நடத்தை பதிவானவர்கள் பின்னால் தண்டிக்கப்படும் சாத்தியம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கவனியுங்கள், இது மருத்துவக் கல்லூரி நடத்தையைப் பற்றியது, இளநிலைக் கல்லூரியைப் பற்றியது அல்ல. அப்படி ஒரு பதிவு இருந்தும் தண்டிக்கப்படாத டாக்டர்களும் அந்த ஆய்விலேயே இருக்கிறார்கள். ஆனாலும் குழுவில் இருப்பவர்களின் மனத்தில் இந்தச் சிந்தனை ஆழமாக இறங்கியிருக்கிறது.

இன்னொரு பக்கம் எண்ணிக்கை. எம்.டி. கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் 50,000க்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் சுமார் 23,000 பேர். சேர்பவர்களின் சராசரி ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.7க்கு மேல். அதாவது, மதிப்பெண் நன்றாக இருந்து, பதிவும் சுத்தமாக இருக்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கே இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்த ஒரு "ஆம்" கனக்கிறது. எந்த விதியும் அந்த மாணவரைத் தானாக நிராகரிப்பதில்லை. ஆனால் இரண்டு விண்ணப்பங்கள் சமமாக நிற்கும்போது எதைக் கீழே வைப்பது என்பதற்கு ஒரு காரணம் கையில் கிடைத்துவிடுகிறது. சில கல்லூரிகளில் யாரும் மேற்கொண்டு படிக்காமலே போவதற்கும் வாய்ப்பு உண்டு. இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

எடைபோடும்போது அதிகம் பார்க்கப்படுவது காலம். முதலாம் ஆண்டு முதல் செமஸ்டரில் மேற்கோள் சரியாகக் காட்டாதது ஒரு விதம். நான்காம் ஆண்டில், விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்னால், உயிர்வேதியியல் தேர்வில் போனைப் பார்த்தது வேறு விதம். முதலாவதற்குப் பிறகு மூன்று ஆண்டுச் சுத்தமான வாழ்க்கை சாட்சி சொல்கிறது. இரண்டாவதற்குச் சாட்சி சொல்ல நாளே இல்லை. அடுத்தது எண்ணிக்கை: ஒருமுறை என்பது சம்பவம், இரண்டுமுறை என்பது பழக்கம் என்றுதான் படிக்கப்படும். அதற்கடுத்து நோக்கம். அவசரத்தில், அறியாமையில் செய்ததற்கும், திட்டம் போட்டு, காசு கொடுத்து ஆள் வைத்து எழுதியதற்கும் வித்தியாசம் நிச்சயம் உண்டு. விடுதி அறையில் பீர் பாட்டில் வைத்திருந்ததற்கான நடவடிக்கையைப் பலரும் எளிதில் கடந்துவிடுவார்கள். நேர்மை சம்பந்தப்பட்டதை அப்படிக் கடக்க மாட்டார்கள்.

## 1,325 எழுத்துகள்

ஆம் என்று குறித்தால் விளக்கம் எழுத ஒரு பெட்டி திறக்கும். ஆம்காஸில் அதன் அளவு 1,325 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. ஆங்கிலத்தில் சுமார் இருநூறு சொற்கள். அந்தச் சின்னப் பெட்டியில்தான் பெரும்பாலானவர்கள் இரண்டாவது முறை சறுக்குகிறார்கள்.

ஒரு கற்பனை மாணவரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு ஆர்கானிக் வேதியியல் லேபில் தோழியின் அளவீடுகளைத் தன்னுடையதாக எழுதினார். ரிப்போர்ட்டுக்குப் பூஜ்யம், ஒரு செமஸ்டர் ஒழுங்கு ப்ரொபேஷன். முதல் வரைவு இப்படி வரும் (விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான், பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்):

"அந்த செமஸ்டர் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. பேராசிரியர் விதிகளைத் தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு தவறான புரிதலால் என் ரிப்போர்ட் இன்னொருவருடையதைப் போல இருப்பதாகக் கருதப்பட்டது. இந்த அனுபவம் என்னை வலிமையான மனிதனாக்கியது."

இதில் என்ன நடந்தது என்பதே இல்லை. செய்தவர் யார் என்பதும் இல்லை. எல்லாம் தானாக நடந்ததுபோல் இருக்கிறது. பழி பேராசிரியர் மீது. கடைசி வரியை எந்த மாணவரும் எதற்கும் எழுதலாம். இதைப் படிக்கும் குழுவுக்கு, நடந்தது என்னவென்று பழைய கல்லூரியைக் கேட்டால்தான் தெரியும் என்ற எண்ணம் வரும்.

அதே மாணவர் இப்படி எழுதலாம்:

"இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டரில், ஆர்கானிக் வேதியியல் லேபில் என் சோதனை தோல்வியடைந்தது. மீண்டும் செய்ய நேரம் கேட்பதற்குப் பதிலாக, சக மாணவியின் அளவீடுகளை என்னுடையதாக எழுதிக் கொடுத்தேன். அது விதிமீறல் என்று எனக்குத் தெரியும். உதவி ஆசிரியர் கவனித்துப் புகார் செய்தார். நான் ஒப்புக்கொண்டேன். ரிப்போர்ட்டுக்குப் பூஜ்யமும் ஒரு செமஸ்டர் ப்ரொபேஷனும் பெற்றேன். அதை முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வேறு நடவடிக்கை எதுவும் இல்லை. தோற்ற சோதனையைத் தோற்றதாகவே எழுதுவது என்பதை அப்போதிலிருந்து கடைப்பிடிக்கிறேன். மூன்றாம் ஆண்டிலிருந்து வேலை செய்யும் ஆய்வகத்தில் என் பதிவேட்டில் தோல்விகளும் தேதியோடு இருக்கின்றன. என் ஆய்வு வழிகாட்டிக்கு இந்தச் சம்பவம் தெரியும்."

இரண்டாவதில் அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. என்ன செய்தேன், என்ன தண்டனை, அதன்பின் என்ன மாறியது, அதற்கு யார் சாட்சி. கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் கனமானவை, ஏனென்றால் அவற்றைச் சரிபார்க்க முடியும். விவரம் கல்லூரியின் தீர்ப்புக் கடிதத்தோடு தேதி முதல் தண்டனை வரை பொருந்த வேண்டும். அந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

செய்யவே இல்லை, ஆனாலும் பொறுப்பு என்று தீர்ப்பானவர்களின் நிலைமை இதைவிடக் கடினம். அவர்கள் பொய்யாக வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை. கல்லூரி என்ன முடிவு செய்தது, தான் என்ன சொன்னேன், முடிவுக்கு எப்படிக் கட்டுப்பட்டேன் என்று கசப்பில்லாமல் எழுதலாம். வழக்கை அந்தப் பெட்டிக்குள் மறுபடி நடத்த முயன்றால் இடமும் போதாது, பலனும் இருக்காது.

## எப்போது, எப்படி விண்ணப்பிப்பது

சம்பவம் சமீபத்தியது என்றால் உடனே விண்ணப்பிக்காமல் ஓரிரு வருடம் தள்ளிப்போடுவதையே நான் சொல்வேன். பட்டம் முடித்து ஒன்றிரண்டு ஆண்டு ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அதனால் இடைவெளி ஒரு குறையாகத் தெரியாது. இந்த மாணவருக்கோ அந்த ஆண்டுகள் அவசியம், ஏனென்றால் மாறிவிட்டேன் என்பதற்கு வேறு எந்தச் சாட்சியும் காலத்துக்கு ஈடாகாது. பெற்றோருக்கு இந்த இடம் கஷ்டமாக இருக்கும். "சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது, ஒரு வருஷம் வீணாப் போகுதே" என்ற பேச்சைக் கேட்டே அவசரப்பட்டு விண்ணப்பித்து, எல்லா இடத்திலும் நிராகரிப்பு வாங்குவது இன்னும் பெரிய இழப்பு.

பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களில் ஒருவருக்காவது நடந்தது தெரிந்திருப்பது நல்லது. தெரிந்தும் நம்பி எழுதுகிறார் என்பது, தெரியாமல் புகழ்வதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. கல்லூரிகளின் பட்டியலை விரிவாக வைத்துக்கொள்ள வேண்டும்; எம்.டி.யோடு டி.ஓ. கல்லூரிகளையும் சேர்க்கலாம். டி.ஓ. கல்லூரிகள் இதைக் கண்டுகொள்ளாது என்று பரவியிருக்கும் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

முதல்கட்ட விண்ணப்பத்துக்குப் பிறகு பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் தங்கள் சொந்தக் கேள்விகளை அனுப்பும். அதற்கு இரண்டாம்கட்ட விண்ணப்பம் என்று பெயர். பல கல்லூரிகள் அதில் இதே விஷயத்தை வேறு வாசகத்தில் மீண்டும் கேட்கும், நேர்காணலிலும் கேட்கலாம். பெட்டியில் எழுதியதற்கும் வாயால் சொல்வதற்கும் நடுவில் ஒரு விவரம்கூட மாறக் கூடாது. நேர்காணலுக்கு முன்னால் வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, "என்னப்பா நடந்தது?" என்று கேட்கச் சொல்லி, இரண்டு நிமிடத்துக்குள் நேராகப் பதில் சொல்லிப் பழக வேண்டும். முதல் நான்கைந்து முறை குரல் தடுமாறும். அம்மா அப்பாவுக்கு அதுவரை தெரியாது என்றால், அந்தப் பயிற்சிக்கு முன்பே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியிருக்கும்.

முதல் முறை இடம் கிடைக்காமல் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று. பழைய விண்ணப்பம் அந்தக் கல்லூரிகளிடம் இருக்கலாம். அதனால் விளக்கத்தின் மொழியைச் செம்மைப்படுத்தலாம், இடையில் கடந்த ஒரு வருடத்தைச் சேர்க்கலாம். நடந்த கதையைத் திருத்தி எழுதக் கூடாது. சென்ற ஆண்டு அனுப்பியதன் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு, தேதி, பாடம், தண்டனை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சமர்ப்பிக்க வேண்டும்.